இரண்டாவது ஜாங்கிரி

கொடியில் தொங்கிய வேட்டி யாருடையது என்று குருபிரசாத்துக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

சாந்தோமில் ஆஸ்வின் வீட்டு மாடியில் விளையாடிவிட்டு, கச்சேரி ரோடு முழுக்கத் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, சித்திரக்குளத்தை ஒட்டிய சந்தில் தன் வீட்டு நடைக்குள் நுழைந்தவன் அந்த வேட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நாலு முழ வேட்டி ஈரம் சொட்டிக்கொண்டு, எத்தனை தடவை தோய்த்தாலும் போகாத மஞ்சள் கறையோடு, பெருங்காயமும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்த வாசனையோடு தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் வேட்டி கட்டுகிற ஆள் யார்? அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அவன் கட்டுவது பேன்ட். அப்படியானால் இது யாருடையது?

சமையலறையில் யாரோ இருமினார்கள்.

“வந்துட்டியாடா? காலை அலம்பிண்டு வா. தோசை வாக்கறேன், சூடா சாப்ட்டுடு.”

அப்பா. அப்பாவின் வேட்டி. வேறு யாருடையதாக இருக்க முடியும்? குரு தலையில் தட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. முகம் மட்டும் குப்பென்று சூடேறியது, திருடிவிட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவனுக்கு ஏறுகிற சூடு. எதற்காக என்று யோசித்தான். ஒன்றும் அகப்படவில்லை. காரணமே தெரியாமல் அவமானமாக இருந்தது.

அவன் அப்பா ராகவேந்திரன் கல்யாணச் சமையல்காரர். சமைப்பதைவிடப் பரிமாறுவதில்தான் அவருக்குப் பேர். பந்தியில் குனிந்துகொண்டே போவார், முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தால் ஒழிய அவருடைய கரண்டி நிற்காது. மயிலாப்பூரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். பி.காம். முடித்து தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்துவிட்ட குருவுக்கு அவரை நினைத்தால் வெட்கம். வெட்கப்படுகிறோமே என்று நினைத்தால் அதைவிட வெட்கம். நண்பர்களிடம் “அப்பா கேட்டரிங் பிசினஸ்” என்று சொல்லி வைத்திருந்தான். ஏழை வீட்டில் பிறந்து டை கட்டிக்கொண்ட எத்தனையோ பிள்ளைகள் செய்கிற காரியம்தான், ஆனால் அப்படிச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ள அவனால் முடிந்ததில்லை.

விளையாட்டு ஆடி மாதத்தில் தொடங்கியது. ஆஸ்வினின் சித்தப்பா லியோனார்ட் கப்பலில் வேலை பார்க்கிறவர். சிங்கப்பூரிலிருந்து தடியாக ஓர் ஆங்கில விதிப்புத்தகமும் விதவிதமான பகடைகளும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆஸ்வின் ஓர் உலகத்தைச் சொல்லச் சொல்ல, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி அதற்குள் நடக்க வேண்டும். ஆஸ்வினின் தங்கை டீனா வில்லாளி. கோபாலபுரத்துப் பங்களாவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பத்ரிநாராயணன் வாள்வீரன். குரு மந்திரவாதி.

முதல் நாளே மந்திரத்தில்தான் சண்டை வந்தது. புத்தகத்தின் விதிப்படி மந்திரவாதி காலையில் மந்திரத்தை உருப்போட வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டால் அது அவன் மண்டையிலிருந்தே அழிந்துபோகும், மறுநாள் மறுபடி உருப்போட வேண்டும்.

“என்னடா இது, பரீட்சை எழுதின கையோட பாடம் மறந்துபோற மாதிரி? சொன்னா சொல்லிண்டே இருக்கட்டுமே,” என்றான் பத்ரி.

“அப்பிடி வுட்டா கேம் செத்துடும் மச்சி,” என்றான் ஆஸ்வின். “இவன் வெரலை ஆட்டினா எல்லாம் முடிஞ்சிடும்னா, நாம மூணு பேரும் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறோம்? மந்திரம்னா அதுக்கு ஒரு வெல இருக்கணும். எந்த சிஸ்டத்த வேணா எடுத்துக்கோ. சிலதுல புள்ளி கொறையும், சிலதுல ஒடம்பு தளரும், இதுல மறந்துபூடும். வெல குடுக்கறவனுக்கு வலிக்கணும். அப்பத்தான் போடலாமா வேணாமான்னு யோசிப்பான்.”

ஆனாலும் உருப்போடுகிற விதி அவனுக்கும் சப்பென்றுதான் இருந்தது. அடுத்த வாரம் தானே ஒரு விதி செய்துகொண்டு வந்தான். அவனுடைய உலகத்தில் யார் வேண்டுமானாலும் மந்திரம் போடலாம், அதன் விலை நினைவு. மந்திரம் போட நினைக்கிறவன் தன் பாத்திரத்தின் வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவை மேஜையில் எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும். எவ்வளவு உயிரோடு சொல்கிறானோ அவ்வளவு பலமான மந்திரம். சொன்ன பிறகு அந்த நினைவு பாத்திரத்துக்குச் சொந்தமில்லை. அதைப் பற்றி மறுபடி பேசக் கூடாது.

“நல்லா கதை வுடு, நல்லா வெடிக்கும்,” என்று சிரித்தான்.

எல்லோரும் கதை விட்டார்கள். பத்ரி தன் வாள்வீரனுக்குச் செத்துப்போன ஒரு குதிரையைக் கற்பித்தான். டீனா ஒரு தீவையும் அதில் ஒரு சித்தியையும் உண்டாக்கினாள். குருவுக்குத்தான் கதை வரவில்லை. அவனுக்குக் கற்பனை வராது, கணக்கு வரும். ஆபீசில் கற்றுக்கொண்டிருந்த முதல் பாடம், இனிமேல் வராது என்று தெரிந்துவிட்ட பாக்கியை முதலில் தள்ளிவிடு என்பது. நினைவுதான் விலை என்றால், வைத்துக்கொள்ள விரும்பாத நினைவைக் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்? யாருக்கும் தெரியப் போவதில்லை. பள்ளிக்கூடத்தைக் குருகுலம் என்றும், மயிலாப்பூரை அரண்மனை என்றும் மாற்றிக்கொண்டால் ஆயிற்று.

அப்படித்தான் முதல் விலையைக் கொடுத்தான்.

“என் மந்திரவாதியோட அப்பா அரண்மனைல சமையல்காரர்,” என்று ஆரம்பித்தான். ஒருநாள் மத்தியானம் அந்த அப்பா விருந்தில் மிஞ்சின லட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு, அழுக்கு வேட்டியோடு, வியர்வையோடு, பையன் படிக்கிற குருகுலத்து வாசலில் வந்து நிற்கிறார். பையன்கள் யாரென்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டு வேலைக்காரர் என்கிறான் பையன். அது அப்பாவின் காதில் விழுகிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆமாம், சின்னய்யாவுக்குக் குடுக்கச் சொன்னா” என்று தூக்கை நீட்டிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றுகொள்கிறார். பையன் அவரை என்னவென்று சொன்னானோ அதுவாகவே ஆகிவிடுகிறார்.

அரண்மனையும் குருகுலமும்தான் பொய். மற்றதெல்லாம் நடந்தது.

டீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தோடு வந்த பெரிய பகடை போன வாரமே பால்கனியிலிருந்து சாக்கடையில் விழுந்துவிட்டதால், குரு வீட்டிலிருந்து அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்திருந்தான். அதை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினான். தாயம் விழுந்தது. இரும்புக் கதவு உடைந்து திறந்தது என்றான் ஆஸ்வின். கைதட்டினார்கள். குருவின் நெஞ்சுக்குள் எத்தனையோ வருஷமாகக் கிடந்த ஒரு முள் சட்டென்று காணாமல் போனது.

அடுத்த ஞாயிறு டீனா, “அந்த லட்டுத் தூக்கு கதை இருக்கே, ரெண்டு நாளா மனசே சரியில்ல குரு,” என்றாள்.

“எந்த லட்டு?”

மூவரும் சிரித்தார்கள். ரூலை எவ்வளவு கரெக்டா வெச்சிருக்கான் பாரு என்று பத்ரி முதுகில் தட்டினான். குருவும் சேர்ந்து சிரித்தான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கன்னம் மட்டும் சுட்டது.

அதற்குப் பிறகும் கொடுத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா மைசூர்பாகு டப்பாவோடு ஆபீசுக்கு வந்து ஆடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதைக் கொடுத்தான். அப்பாவை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு இறங்கியதைக் கொடுத்தான். அம்மாவின் காரியத்தன்று அவரே கரண்டியோடு நின்றதைக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் சொன்னவுடன் உடம்பு லேசாகும். மறுநாள் காலையில் அவமானம் திரும்பி வந்துவிடும், ஆனால் வெறும் அவமானம், எதைப் பற்றியது என்று தெரியாத அவமானம்.

இப்போது கொடியில் வேட்டி.

காலை அலம்பிக்கொண்டு போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அப்பா தோசையைத் திருப்பிப் போட்டபடி வாசலில் கொட்டுகிற மழையைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பழசு ஞாபகம் வந்துவிட்டது.

“இப்படித்தான்டா அன்னிக்கும். ஒனக்கு ஸ்கூலுக்கு லட்டு எடுத்துண்டு வந்தேனே, அன்னிக்கு. திரும்பி வரச்சே பிடிச்சுண்டது பாரு மழை. ஒன்னைத் தோள்ல தூக்கி வெச்சுண்டேன். என் குடுமியைக் கெட்டியாப் பிடிச்சுண்டு ஆத்துக்கு வர வரைக்கும் பாடிண்டே வந்தே. ஞாபகம் இருக்கோ?”

குரு தேடினான். மழை, தோள், குடுமி, பாட்டு. எதுவுமே இல்லை. மங்கலாகக்கூட இல்லை. சின்ன வயசு மறந்துபோவது சகஜம்தான். ஆனால் மறந்தது இப்படி இருக்காது. பல் பிடுங்கின இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி, அங்கே வழுவழுவென்று ஒரு குழி இருந்தது.

“இருக்குப்பா,” என்றான்.

அப்பா சந்தோஷமாக இன்னொரு தோசை போட்டார்.

சாப்பிட்டதும் தெருமுனைக் கடை போனிலிருந்து டீனாவைக் கூப்பிட்டான். அந்த லட்டுக் கதையை முழுசாகச் சொல்லு என்றான். அவள் விளையாட்டு என்று நினைத்து ரசித்துச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தப் பையன் மேல் குருவுக்குக் கோபம் வந்தது. என்ன ஜென்மம், பெற்ற அப்பனை இப்படிச் சொல்ல நாக்கு எப்படி வந்தது என்று நினைத்தான். அப்புறம் மெதுவாக, கடையில் எரிந்த குண்டு பல்பைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, அந்தப் பையன் யாரென்று புரிந்தது. டீனா பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தான்.

போனது அந்த வாசல் மட்டுமில்லை. வாசலிலிருந்து வீட்டுக்கு வந்த மழையும் தோளும் அதோடு போயிருந்தன. வேண்டாததை மட்டும் கிள்ளிக் கொடுத்ததாக அவன் நினைத்திருந்தான். செடி வேரோடு வந்திருந்தது.

இனி அந்த மேஜைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தான். புதன்கிழமை வரை அந்த முடிவு தாங்கியது.

தாங்காததற்குக் காரணம், கொடுக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒன்று. ஆவணி மாதம், தி.நகர் மண்டபத்தில் பத்ரியின் அக்கா கல்யாணம். குரு டெர்ரிகாட்டன் சட்டையில் பத்ரிக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தான். ஜாங்கிரித் தட்டோடு வரிசையில் வந்துகொண்டிருந்தவர் அப்பா. அந்தக் கல்யாணத்துக்கு அவரை அமர்த்தியிருப்பது அவனுக்குத் தெரியாது. அவருக்கு அவன் வருவது தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இலையை விட்டு முகத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு ஜாங்கிரிக்கு மேல் யாருக்கும் கிடையாது என்பது பெண் வீட்டார் உத்தரவு. அவர் இரண்டாவதை எடுத்து அவன் இலையில் வைத்தார். குரு தலையைக் குனிந்துகொண்டான்.

“தெரிஞ்சவரா?” என்று கேட்டான் பத்ரி.

“யாரோ,” என்றான் குரு.

சிரிப்பு அணைந்ததை அவன் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னும் ஏதாவது வேணுமா சார்?” என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது. மரியாதையான, பழக்கப்பட்ட குரல். பிறகு வெடித்த குதிகால் இரண்டும் அடுத்த இலைக்கு நகர்ந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு அப்பா கேட்டது ஒன்றுதான். ஜாங்கிரி நன்னா இருந்துதா? அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் பேசாமல் இருந்திருந்தால் தேவலை. அவர் வழக்கம்போலத் தோசை வார்த்தார், வழக்கம்போலக் கூட ஒன்று போட்டார்.

“அப்பா, அன்னிக்கு நான் பண்ணினது தப்பு.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்ல வேண்டிய தூரம் கூடத்திலிருந்து சமையலறை வரை. இந்த வாரம் முழுக்க அவன் கூடத்தில் உட்கார்ந்து அதை ஒத்திகை பார்த்தான். அப்பா திரும்பிப் பார்த்தால், “மழை விடாது போலிருக்கு” என்றான். மன்னிப்புக் கேட்பதைவிட மந்திரம் போடுவது சுலபமாக இருந்தது. இது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றவை போனது போகட்டும், அப்பாதான் வீட்டிலேயே இருக்கிறாரே, தினமும் பார்க்கிற முகம் எங்கே போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாந்தோமுக்கு நடந்தான்.

அன்றைக்கு விளையாட்டில் டீனாவின் வில்லாளி சாகக் கிடந்தாள். ஒரே ஒரு மந்திரம்தான் பாக்கி, மிகப் பெரியது, மிகப் பெரிய விலை கேட்பது. குரு ராஜா வீட்டு விருந்து என்று ஆரம்பித்தான். பாதியில் அரண்மனையை மறந்தான். மண்டபம் என்றான், வாழையிலை என்றான், டெர்ரிகாட்டன் சட்டை என்றான். “யாரோ” என்ற இடத்தில் குரல் உடைந்தது. தாயக்கட்டையை உருட்டினான். தாயம்.

யாரும் கைதட்டவில்லை. வெளியே மழை. கடல் இரைச்சல்.

“டேய்,” என்றான் பத்ரி மெதுவாக. “எங்கக்கா கல்யாணத்துல ஒன் எலைல ரெண்டாவது ஜாங்கிரி போட்டாரே ஒரு மாமா. தெரிஞ்சவரான்னு நான்தானே கேட்டேன்?”

“எந்தக் கல்யாணம்?” என்றான் குரு.

ஆஸ்வின் புத்தகத்தை மூடினான். அவன் முகம் வெளுத்திருந்தது. “குரு, நாங்கல்லாம் கதைதான் வுட்டோம். சும்மா கதை. நீ நெஜத்தையா வெச்சே?”

மூன்று பேரும் தன்னை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று குருவுக்குத் தெரியவில்லை. ஆனால் முகம் எரிந்தது, காது மடல் எரிந்தது, கழுத்துக்குக் கீழே நெஞ்சு வரைக்கும் எரிந்தது. இதுவரை வந்ததிலேயே பெரிய அவமானம். அது எதற்கு என்று கேட்கக்கூட அவமானமாக இருந்ததால், செருப்பை மாட்டிக்கொண்டு மாடியிறங்கி ஓடினான்.

கச்சேரி ரோட்டில் கரன்ட் இல்லை. கடைகளில் ஒன்றிரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன, பஸ் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, அதன் வெளிச்சம் போனதும் தெரு முன்னைவிட இருட்டாகி, மழையும் சாக்கடையும் நனைந்த சாணியும் ஒன்றாக நாறின. சந்துக்குள் திரும்பியபோது வாசல் போர்ஷனில் ஜானு மாமி மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள்.

“எங்கேடா போயிட்டே? ஒங்கப்பா ரெண்டு தடவை வாசலுக்கு வந்து பாத்துட்டுப் போனார்.”

“யார் மாமி?”

“நன்னா கேட்டே போ. ஒங்கப்பாடா!”

மாமி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வெளிச்சமும் அவளோடு போனது. அப்பா என்ற சொல் அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒருவர் இருப்பார் என்று தெரியும். தனக்கு யார் என்று நினைத்துப் பார்த்தான். ஒரு வேட்டி வந்தது. வேட்டிக்கு மேலே எதுவும் வரவில்லை.

நடையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தான். ஸ்டூலின் மேல் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சுவரில் பழைய கல்யாணப் போட்டோ. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். கண்ணாடியில் மெழுகுவர்த்தியின் வெளிச்சம் சரியாக அவருடைய முகத்தில் விழுந்திருந்தது. குரு ஒரு அடி நகர்ந்து பார்த்தான். வெளிச்சமும் நகர்ந்தது. குனிந்து பார்த்தான். முகத்தின் மேலேயே நின்றது. மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைத்தான்.

முகத்தின் மேலிருந்த வெளிச்சம் அணையவில்லை.

சமையலறையில் கரண்டி பாத்திரத்தில் இடித்தது.

பெருங்காய வாசனை. காய்ந்த எண்ணெய். ஸ்டவ்வின் நீல வெளிச்சத்தில் ஒரு முதுகு. குனிந்த முதுகு. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. திருடன் என்று கத்தலாம் என்று வாய் சொன்னது. அவமானம் இரண்டையும் விடவில்லை. யார் வீட்டிலோ தான் நுழைந்துவிட்டதைப் போல, தப்பு தன்னுடையதைப் போல, அவன் கதவருகில் கூசி நின்றான்.

“குருவா?” என்றது முதுகு.

“நீங்க யாரு?”

கரண்டி நின்றது.

மழை கேட்டது. பிறகு, எதையோ ஒத்துக்கொண்டவர் விடுகிற மாதிரி, மெல்லிய ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் வந்த குரல் வேறு. மரியாதையான குரல். பழக்கப்பட்ட குரல்.

“உக்காருங்கோ சார். எலை போட்டாச்சு.”

கூடத்துச் சுவரோரம் இலை போட்டிருந்தது. வரும்போது இருந்ததா? தெரியவில்லை. உட்கார்ந்தான். மறுக்க வெட்கமாக இருந்தது. நிமிர வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

இலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெடித்த குதிகால்கள். சாதம் விழுந்தது. குழம்பு விழுந்தது. ஆவி இல்லை. பாதங்கள் இடப் பக்கம் நகர்ந்தன.

இடப் பக்கம் வெறும் தரை.

அங்கே கரண்டி தட்டியது. இலை சலசலத்தது.

“போதும், போதும்,” என்றது ஒரு குரல்.

பாதங்கள் நகர்ந்தன. அடுத்த இலை. அதற்கடுத்தது. கூடம் பத்தடி நீளம்கூட இல்லை. பாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கரண்டிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. தூரத்தில் யாரோ ரசத்தை உறிஞ்சினார்கள். யாரோ ஏப்பம் விட்டார்கள். வரிசை முழுக்க விரல்கள் சாதத்தைப் பிசைகிற சத்தம். ஈரமான சத்தம்.

குரு நிமிரவில்லை.

பாதங்கள் திரும்பி வந்தன. இலை ஓரத்தில் ஒரு ஜாங்கிரி விழுந்தது.

கை போகவில்லை. காத்திருந்தது. இன்னொரு ஜாங்கிரி விழுந்தது.

அவன் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தான். அது எப்படித் தெரியும் என்று தெரியாமலே வைத்தான். ஜாங்கிரி கையின் மேல் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஈரமாக. ஜில்லென்று.

பக்கத்து இலைக்காரர் அவன் பக்கம் சாய்ந்தார். மூச்சு காதில் பட்டது.

“தெரிஞ்சவரா?”

வரிசை முழுக்கச் சத்தம் நின்றது.

குரு யோசித்தான். பொய் சொல்வதற்காக இல்லை, உண்மையைச் சொல்லத்தான் யோசித்தான். தேடினான். எங்கேயும் யாரும் இல்லை. முகம் எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. எதற்கென்று தெரியவில்லை.

எதிரில் பாதங்கள் நகரவில்லை. தட்டைப் பிடித்த கை மணிக்கட்டு வரை தெரிந்தது. அதற்குப் பின்னால் வேட்டியின் மஞ்சள் கறை. அதற்கும் மேல், அவன் நிமிர்ந்தால் முகம் தெரிய வேண்டிய இடத்திலிருந்து, போட்டோவிலிருந்த அதே வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்து, அவன் சொல்லப்போகும் பதிலுக்காக ஆடாமல் நின்றது.